மூன்று மத்தியானம் ஓடிய நாடகம்

நான் எழுதிய ஒரே நாடகம் மூன்று தடவைதான் மேடையேறியது. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் மழை என்று சொல்லிவிடுவேன். கொடைக்கானலில் எதற்கு வேண்டுமானாலும் மழையைக் காரணம் காட்டலாம், யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. உண்மையில் அந்த மாதம் வானம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தியது நான்தான். நாடகத்தின் உயிராக நான் வைத்திருந்த ஒரு சொல், உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை என்ன செய்தது என்று தெரிந்த பிறகு அதை வெளியூருக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளின் நோட்டில் பிழை கண்டுபிடித்தே கண் கெட்டுப் போனவள். பொறுமை கிடையாது. 'டீச்சருக்கு மூக்கு மேலே கோபம்' என்று பிள்ளைகள் பின்னால் பேசியது எனக்குத் தெரியும். இந்த அவசரக் குணத்தால் வாழ்நாளில் பல வம்புகளை வாங்கியிருக்கிறேன். ஆனால் இதைப்போல ஒன்றை வாங்கியதில்லை.

நாடகம் மேல்மலையில் பெண்களுக்காக முதலில் வாய் திறந்த ஓர் அம்மாவைப் பற்றியது. பூண்டிக்கும் கிளாவரைக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் கூலிக்குப் போனவர். நாற்பது வருஷத்துக்கு முன்பு அங்கே கேரட் கழுவுவது பெண்கள் வேலை. பிடுங்கிய கேரட்டை ஓடையில் கொட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் மிதித்து மண்ணைப் போக்க வேண்டும். லாரி வெள்ளனே கிளம்பியாக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே பெண்கள் தண்ணீருக்குள் நிற்பார்கள். மார்கழியிலும் தையிலும் அந்த ஊர்ப் புல்லின் மேல் உறைபனி உப்பைக் கொட்டினாற்போல் கிடக்கும். விரல் மரத்து, பாதம் வெடித்து, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கரு கலைந்து போனதெல்லாம் உண்டு. மூட்டை தூக்கும் ஆண்கள் வரும்போது வெயில் வந்திருக்கும்.

ஒருநாள் காலை அந்த அம்மா ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டார். "வெயில் விழுகாம எறங்க மாட்டோம்" என்றார். கூட வந்த பெண்களும் உட்கார்ந்தார்கள். சில நாள் கேரட் மண்ணோடு கிடந்தது. கடைசியில் தோட்டத்துச் சொந்தக்காரர், எங்கள் பேச்சில் தோட்டக்காரர், இறங்கி வந்தார். அதிலிருந்து அந்த ஊரில் வெயில் படாத தண்ணீரில் எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை. பிற்பாடு கிராமசபையில் எழுந்து நின்று பேசிய முதல் பெண்ணும் அவர்தான். பதினைந்து வயதுக் கல்யாணங்கள் எத்தனையோ அவரால் நின்றிருக்கின்றன. இப்போது கேரட்டை மெஷின் கழுவுகிறது. அந்த அம்மா இறந்தும் சில வருஷம் ஆகிறது.

ரிட்டயர் ஆன கையோடு இந்தக் கதை என் காதில் விழுந்தது. விட்டேனா? நோட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை அந்த ஊருக்குப் போனேன். ஊர்க்காரர்கள் நன்றாகவே பேசினார்கள். பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இன்னொரு சங்கதியும் சொன்னார். அந்த அம்மா பஸ்ஸில் போனால் 'எறங்கணும்' என்று சொல்லவே மாட்டாராம். எங்கே எறங்கணும் என்று கண்டக்டர் கேட்டால், "எங்க ஊர்ல நிப்பாட்டுங்க" என்பாராம். சாகிற வரைக்கும் அப்படித்தானாம்.

"ஏன் அப்படி?" என்றேன்.

"அது அப்பிடித்தான்" என்றார் அவர், பூண்டைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் பக்கம் ஒருவர் 'அது அப்பிடித்தான்' என்று சொன்னால் கதவைச் சாத்துகிறார் என்று அர்த்தம். கொஞ்சம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தானாகத் திறப்பார்கள். நான் உட்காரவில்லை. எனக்கு நாலு மணி பஸ். போகிற வழியிலேயே காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். எல்லாம் வீறாப்புதான். எறங்க மாட்டேன் என்று சொன்ன வாயால் பஸ்ஸுக்குக்கூட எறங்கணும் என்று சொல்ல மாட்டாராம்! எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதை வைத்து ஒரு சிரிப்புக் காட்சியே எழுதினேன்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகள். ஐம்பது வயசு இருக்கும். கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டும் கேரட்டும் விற்கிறாள். அவள் சம்மதம் இல்லாமல் நாடகம் போடுவது முறையில்லை என்று எழுதி முடித்ததும் நேராகச் சந்தைக்குப் போனேன். அன்றைக்கு டூரிஸ்ட் கூட்டம் வேறு. அவள் ஒரு கையில் தராசும் இன்னொரு கையில் கட்டைப்பையுமாக நின்றாள். நான் கடைக்கு ஓரமாக நின்று கதையை வேகவேகமாகப் படித்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். போடுங்க."

அந்தத் தலையாட்டல் கால் கிலோ கேட்டவருக்கும் அரைக் கிலோ கேட்டவருக்கும் ஆட்டியது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது எனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக ஒரு கட்டு கேரட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர். நல்ல மனுஷர், தாளம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அந்த அம்மாவாக நடித்த பெண் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருப்பவள். நாள் முழுக்க இங்கிலீஷில் பேசிவிட்டு வந்து, ஒத்திகையில் எங்கள் மேல்மலைத் தமிழில் பாடும்போது அவள் குரல் வேறு ஆளாகிவிடும். கோரஸுக்குத் தையல் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர். நாடகத்துக்குப் பேர், 'எறங்க மாட்டோம்'. பேரும் அதுவே, முக்கியப் பாட்டும் அதுவே. மேடையில் ஒரு நீல நிறத் துணிதான் ஓடை. அதன் கரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, 'வெயில் விழுகாம' என்று அவள் எடுக்க, 'எறங்க மாட்டோம்' என்று கோரஸ் கை தட்டி முடிக்கும். அந்த வரி பாட்டில் எத்தனை தடவை வருகிறது என்று நான் எண்ணியதில்லை. பிற்பாடு ஒருத்தி எண்ணிச் சொன்னாள்.

முதல் காட்சி ஒரு சனிக்கிழமை மத்தியானம், டவுனில் ஒரு தகரக்கூரை ஹாலில் நடந்தது. மேல்மலைக்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றுதான் மத்தியானம் வைத்தோம். பாட்டு தொடங்கி இரண்டாவது அடியிலேயே ஹாலே சேர்ந்து கை தட்டியது. பஸ் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பழைய மாணவி ஒருத்தி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

யாரோ பாட்டைப் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அது மலை முழுக்கப் பரவிவிட்டது. ஜீப் டிரைவர்களின் ரிங்டோன் ஆயிற்று. ஹோம்ஒர்க் செய்யாத பிள்ளைகள் 'செய்ய மாட்டோம்' என்று அதே மெட்டில் பாடின. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் லாரி மேலிருந்து 'எறங்க மாட்டோம்' என்று விளையாட்டுக்குக் கத்தினார்கள். அவர்கள் கத்திய இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் அந்த மகளின் கடை. அதை நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது காட்சிக்கு அவளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். பஸ் காட்சியில் ஹால் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு வந்தது, கைதட்டல் வந்தது. அவள் இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டு மேடையில் விரித்திருந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடை பெஞ்சில் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

"டீச்சர், எங்கம்மா பஸ்ஸுல ஏன் அப்பிடிச் சொல்லாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"வைராக்கியம்தானேம்மா?"

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். டீ முழுசாக இருந்தது.

"எனக்கொரு தம்பி இருந்தான் டீச்சர். மூணு வயசு. எனக்கு எட்டு. பொம்பளைக கரையில உக்காந்த மூணாவது நா அவனுக்குக் காச்ச. மூச்சு இழுக்குது. கீழ ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும். ஊருக்கே ஒரு ஜீப்புதான், அது தோட்டக்காரரு ஜீப்பு. அம்மா தம்பியத் தோள்ல போட்டுக்கிட்டு அவரு வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு. பின்னாடியே பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்து நிக்கிறாக. 'அவளுகள ஓடையில எறங்கச் சொல்லு, நான் ஜீப்ப எடுக்கச் சொல்றேன்'னாரு. அம்மா திரும்பிப் பாத்துச்சு. அதுல ரெண்டு பேரு முழுகாம இருக்காக. தம்பிய நல்லாத் தோள்ல ஏத்திப் போட்டுக்கிச்சு. அப்பறம் 'எறங்க மாட்டோம்'னுச்சு."

பஸ் ஒன்று வந்து திரும்பியது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பேசினாள்.

"அப்பா அவனத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனாக. பாதி வழியிலயே முடிஞ்சுபோச்சு. மறுநா தோட்டக்காரரே வந்தாரு. 'இனி வெயில் வந்தப்பறம் எறங்குனாப் போதும்'னு சொல்லிட்டுப் போனாரு. அம்மா அவரு மொகத்தப் பாக்கல. எல்லாரும் வெயிலுக்கப்பறம் ஓடைக்குப் போனாக. எங்கம்மா மட்டும் கரையில உக்காந்து கேரட்டுத் தழையக் கிள்ளுச்சு. அந்தத் தண்ணியில அது அப்பறம் கால் வைக்கவே இல்ல. செஞ்சது தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. அந்தச் சொல்ல மட்டும் சொல்லாது. நாங்களும் வீட்டுல சொல்றதில்ல."

ஊருக்கே தெரிந்த கதை. அந்தக் குழந்தையைப் பற்றி வெளியாளிடம் பேசுவதில்லை என்று ஊரே வாயைக் கட்டியிருந்திருக்கிறது. பூண்டுக்காரப் பெரியவர் கதவைச் சாத்தியதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு வந்தது வருத்தம் என்று எழுத ஆசை. முதலில் வந்தது கோபம். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! சந்தையில அத்தனையும் படிச்சுக் காட்டினேனே!" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க படிச்சீங்க டீச்சர். நான் கேரட்டு நிறுத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. பிறகு சொன்னாள்: "சாகுற வரைக்கும் எங்கம்மா ஒரு தடவகூடச் சொல்லல. இந்த ஒரு மத்தியானத்துல முப்பத்தாறு தடவ சொல்ல வச்சுட்டீங்க. எண்ணிக்கிட்டே இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. நாடகத்தை நிறுத்திவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவள் தலையசைக்கவில்லை.

"நிப்பாட்டச் சொல்லல. எங்கம்மா செஞ்சது ஊருக்குத் தெரியட்டும். தம்பி இல்லாம அந்தச் சொல்லு இல்ல டீச்சர். அவன விட்டுட்டுப் பாடாதீங்க. அவ்வளவுதான்."

பஸ் ஏறுவதற்கு முன்பு அவன் பேரைச் சொன்னாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளியாளிடம் சொல்கிறாள். அந்தப் பேரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது காட்சி அடுத்த சனிக்கிழமை அவள் ஊரிலேயே நடப்பதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஆறு நாளில் நாடகத்தை உடைத்து எழுதினேன். பஸ் காட்சியைக் கிழித்துப் போட்டேன். ஜீப் காட்சியை எழுதினேன். மாஸ்டர்தான் மல்லுக்கு நின்றார். "கைதட்டல் இல்லன்னா பாட்டே இல்ல டீச்சர், ஜனங்க எதிர்பார்த்து வருவாங்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் கேட்டதை அவருக்கு அப்படியே சொன்னேன். அவர் கீபோர்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, "அந்த இடத்துல நான் வாசிக்கல. அது மட்டும் போதுமா பாருங்க" என்றார்.

ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில், நல்ல வெயிலில் நாடகம் நடந்தது. மகள் அதே சிவப்புச் சால்வையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜீப் காட்சி வந்தது. ரிசப்ஷன் பெண் ஒரு துணிப்பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தோட்டக்காரராக நடித்தவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் திரும்பிக் கோரஸைப் பார்த்தாள். 'வெயில் விழுகாம' என்று மெதுவாக எடுத்தாள். கீபோர்டு நின்றது. கோரஸ் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லாமல் குழந்தையின் பேரைச் சொன்னாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல இரண்டு தடவை கூப்பிட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் நின்ற பெண்களில் நாலு பேர்தான் இப்போது மிச்சம். ஒருத்தி எழுந்து நின்றாள். மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அன்று வயிற்றில் பிள்ளையோடு நின்றவள் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். என் எழுத்துக்காக அழவில்லை. மகள் அழவில்லை. சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

மதுரையில் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பெரிய ஹால், நல்ல மைக். நான் போகவில்லை. புதுப்பாட்டைப் பாடினால் அங்கே அந்தப் பேர் வெறும் பேர்தான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பழைய பாட்டைப் பாடினால் கை தட்டுவார்கள். மழை என்று சொல்லி அனுப்பினேன். மாஸ்டர் எதிர்த்துப் பேசவில்லை. நாடகம் அதோடு முடிந்தது.

பாட்டு முடியவில்லை. அதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் ஊரில் மூன்றாவது காட்சி முடிந்த அந்தச் சனிக்கிழமை நானும் அவளும் ஒரே பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வந்தோம். மறுநாள் சந்தைக்கு அவள் இரண்டு மூட்டைப் பூண்டு ஏற்றியிருந்தாள். டவுனுக்கு முன்னால் ஒரு வளைவில் அவள் நாத்தனார் வீடு, சனிக்கிழமைதோறும் அங்கேதான் தங்குவாள். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை மட்டும், "அந்தப் பொண்ணு நல்லாக் கூப்பிட்டுச்சு டீச்சர். எங்கம்மா கூப்பிடுற மாதிரியே" என்றாள்.

வளைவு நெருங்கியது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்கன நிப்பாட்டுங்க" என்றாள். கண்டக்டர் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம். பாட்டைப் போனில் பார்த்திருப்பார், இவள் யார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

"நிப்பாட்டிருவோங்கக்கா. எறங்குவீங்களா, எறங்க மாட்டீங்களா?" என்றார், அந்த மெட்டிலேயே. பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் கை தட்டினார், என் நாடகத்தில் கோரஸ் தட்டிய அதே தாளத்தில்.

நான் எழுந்தேன். அந்தப் பையனைப் பிடித்து உலுக்கிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவள் என் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"எறங்கணும்ப்பா" என்றாள் அவரிடம். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மா கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்த சொல். அதை அவள் வாயிலிருந்து பிடுங்கியது அந்தக் கண்டக்டர் இல்லை.

மூட்டைகளை அவர்தான் பாவம், தூக்கி வைத்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவள் ரோட்டோரத்தில் ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.